ஏழடி நாலங்குல விரிசல்

கொத்தனார் அந்தக் குற்றத்தைச் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பட்டப்பகலில், வாயில் பீடியோடு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்தார். தான் செய்வது குற்றம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை என்பதைப் பின்னாளில் வாரியம் தனியாகக் குறித்துக்கொண்டது.

அவருடைய மகள் நாலாம் வகுப்பு. அவள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே வகுப்பறைத் தளத்தில் நீளமாக ஒரு விரிசல். மேல் மாடியில் தண்ணீர் தேங்கினாலும் சரி, தெருவில் லாரி போனாலும் சரி, அதிலிருந்து பொலபொலவென்று தூள் கொட்டும். மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளை வாசற்படியில் உட்காரவைத்துப் பேன்சீப்பால் தலையைச் சீவுவாள்.

"பேனைக்கூட எடுத்துடலாம் போல, இந்தச் சிமெண்ட்டை எடுக்க முடியல" என்றாள் ஒருநாள். "ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் தளம் பூசுறீங்க. உங்க பொண்ணு தலைக்கு மேல இருக்கறத யாருங்க பூசுவா?"

கொத்தனாருக்கு அது சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை அரை மூட்டை சிமெண்ட்டைச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு போய், பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறினார். பொருக்குத் தட்டிய பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்ததில் உள்ளே கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. விரிசலை அகலப்படுத்தி, கலவையை உள்ளே திணித்து, மட்டப்பலகை போட்டு இழுத்தார். மதியச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. அறையைப் பெருக்கிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தலைமையாசிரியையிடமிருந்து போன் வந்தது. பள்ளிக்குப் போய்ப் பார்த்தால் அந்த அம்மாள் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"கொத்தனாரே, இங்க இருந்த விரிசல் எங்க?"

"நான்தாங்க டீச்சர் பூசினேன். நம்ம பிள்ளைங்கதானே. கூலியெல்லாம் ஒண்ணும் வேணாம்."

அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம் பண்ணிட்டீங்க. அந்த விரிசலை லிஸ்ட்டுல ஏத்துறதுக்கு நான் நாலு வருஷம் நடந்திருக்கேன். ஏத்தி மூணு வருஷமாக் காத்திருக்கேன்."

பிறகு நிதானமாக விளக்கினார். பள்ளிக் கட்டடச் சீரமைப்பு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. இடிந்த பள்ளிகளைச் சரிசெய்வதற்கென்றே உண்டாக்கப்பட்டது. அதன் படிவத்தில் சேதத்தை எழுத ஒரே ஒரு வரிதான் உண்டு. பள்ளியில் கழிப்பறைக் கதவு இல்லை, சுற்றுச்சுவர் சாய்ந்திருக்கிறது, மூன்று அறைகளில் தளம் ஒழுகுகிறது. எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் அடைக்க முடியாததால் விரிசலை மட்டும் எழுதினார். அந்த ஒரு விரிசலைப் பிடித்துக்கொண்டுதான் முழுப் பள்ளியும் பட்டியலில் தொங்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை குழு நேரில் வருகிறது. எழுதிய விரிசல் எழுதிய இடத்தில் இல்லாவிட்டால் 'குறையற்ற பள்ளி' என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுவார்கள். அப்புறம் பத்து வருடத்துக்கு யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

"நம்ம பள்ளிக்கூடத்துல நல்லா இருந்தது அந்த விரிசல் ஒண்ணுதான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

இருவருமாக வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். அலுவலகம் பளபளவென்று இருந்தது. பள்ளிகளைச் சீரமைப்பதற்குக் கை பழக வேண்டும் அல்லவா, அதற்காக வருடா வருடம் தங்கள் கட்டடத்தையே சீரமைத்துப் பழகுகிறார்கள். முன்கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தெர்மாகோலில் செய்த மாதிரிப் பள்ளிக்கூடம் இருந்தது. அதற்குக் கழிப்பறைக் கதவுகூட இருந்தது. கொத்தனார் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பொறியாளர் கூப்பிட்டார்.

பொறியாளர் கோபக்காரர் அல்ல. மென்மையாகப் பேசுபவர். அதுதான் வம்பே.

"அந்த விரிசல் உங்களுதா?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார்."

"அப்ப யாருது?"

"பள்ளிக்கூடத்துது."

"அங்கதான் தப்புப் பண்றீங்க. லிஸ்ட்டுல ஏறுற வரைக்கும்தான் அது பள்ளிக்கூடத்துது. ஏறினப்புறம் வாரியத்துது. அதுக்கு நம்பர் இருக்கு, போட்டோ இருக்கு, கோப்பு இருக்கு. நீங்க வாரியத்து விரிசலை அழிச்சிருக்கீங்க."

"அழிக்கலைங்க சார், சரிபண்ணேன். இனிமே விழாது. நீங்களே வந்து சுத்தியால தட்டிப் பாருங்க."

"விழாதுங்கறதுதாங்க உங்க மேல இருக்கற புகாரே" என்று பொறியாளர் வருத்தத்தோடு சொன்னார். "நாங்க எதுக்கு இருக்கோம்னு நினைக்கறீங்க? ஆளாளுக்கு இப்படிப் பூசிட்டுப் போனா, நாளைக்கு இந்த வாரியத்துல இருக்கற முன்னூறு குடும்பம் என்ன பண்ணும்? யோசிச்சீங்களா?"

கொத்தனார் யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். முன்னூறு குடும்பத்தின் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பொறியாளர் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்துக் கொடுத்தார். நீளம் ஏழடி நாலங்குலம். நடுவில் ஒரு வளைவு. ஓரத்தில் ஒன்றரையடிக்கு ஒரு கிளை. "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள இது இருந்தபடி இருக்கணும். அளவு மாறக் கூடாது. அதிகமா விட்டுட்டீங்கன்னா மோசடின்னு ஆயிடும்."

கூடவே ஓர் உறுதிமொழித் தாள் வந்தது. வாரியத்தின் அனுமதி இல்லாமல் இந்தப் பள்ளியில் எந்த விரிசலிலும், பொத்தலிலும், பிளவிலும் கைவைக்கமாட்டேன் என்றும், மீறினால் பள்ளியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சம்மதிக்கிறேன் என்றும் அதில் எழுதியிருந்தது. தலைமையாசிரியை கண்ணாலேயே கெஞ்சினார். கொத்தனார் கையெழுத்துப் போட்டார்.

இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவர் எத்தனையோ விரிசலை மூடியிருக்கிறார். புதிதாக ஒன்றை உண்டாக்கியதில்லை. மகள் தலைக்கு மேலே நிஜ விரிசல் போட அவருக்கு மனசு வரவில்லை. அதனால் மேல் பூச்சில் மட்டும், நகக்கண் ஆழத்துக்கு ஆணியால் கீறினார். மனைவி கீழே நின்று நகலைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் வளைங்க. இது ரொம்ப ஒழுங்கா இருக்குங்க. படத்துல இருக்கறது முறைக்குது, நீங்க போட்டது சிரிக்குது."

"ஒழுங்காப் போட்டே பழகின கைடி. என்ன பண்றது?"

"நம்ம கல்யாணத்துக்கு உங்கப்பா பூசின சுவரை நினைச்சுக்கிட்டுப் போடுங்க, சரியா வரும்."

அது கைகொடுத்தது. கீறலில் கரித்தூளையும் பழைய டீத்தூள் தண்ணீரையும் தேய்த்துப் பழுப்பேற்றினார். கீழே இறங்கிப் பார்த்தபோது அவருக்கே பகீரென்றது.

வியாழக்கிழமை குழு வந்தது. வாரியத் தலைவர், பொறியாளர், இன்னும் மூன்று பேர். ஐந்து பேரும் வாசலிலேயே மஞ்சள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தார்கள். உள்ளே பிள்ளைகள் வெறுந்தலையோடு எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். விரிசலின் அளவு போட்டோவில் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொத்தனாரின் மகளையும் பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணையும் அதற்கு நேர் கீழே நிற்கச் சொன்னார்கள்.

தலைவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "நான் இந்தப் பதவிக்கு வந்து ஒம்பது வருஷமாச்சு" என்று பேச ஆரம்பித்தார். "எத்தனையோ பள்ளிக்கூடத்துல விரிசல் பார்த்திருக்கேன். பாதி இடத்துல நாங்க போறதுக்குள்ள இடிஞ்சே விழுந்துடும். பொறுமையே கிடையாது. ஆனா இந்தப் பள்ளி ஏழு வருஷமா அதை அப்படியே காப்பாத்தி வெச்சிருக்கு. இந்த அர்ப்பணிப்பைத்தான் நாங்க எல்லாப் பள்ளிக்கிட்டயும் எதிர்பார்க்கறோம்."

பொறியாளர் ஏணியில் ஏறி அளந்தார். ஏழடி நாலங்குலம். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. 'சேதம் சிறப்பாகப் பராமரிக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கொத்தனார் ஜன்னலுக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டார். தன் வாழ்க்கையில் இத்தனை பெரிய மனிதர்கள் தன் வேலையைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை என்பதும் அவருக்கு உறைத்தது.

அனுமதி ஒரே வாரத்தில் வந்துவிட்டது. அறையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். தொண்ணூறு நாள் வேலை. அதுவரைக்கும் நாலாம் வகுப்பு, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்திருந்த பக்கத்து அறையில் நடக்கும் என்று உத்தரவு.

கொத்தனார் மறுநாள் மகளை விட வந்தபோது அந்த அறைக்குள் நுழைந்து மேலே பார்த்தார். தளத்தில் ஒரு கதவு அகலத்துக்குக் காரை பிரிந்து, துருப்பிடித்த கம்பியோடு தொய்ந்து நின்றது. கம்பு ஒன்றை எடுத்து மெல்லத் தட்டினார். பொத்து பொத்தென்று சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். பத்து வருடம் நின்றாலும் நிற்கும், பத்து நிமிடத்தில் விழுந்தாலும் விழும். அதற்குக் கீழே மூன்று பெஞ்சு போட்டிருந்தார்கள். மகள் இரண்டாவதில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பிள்ளைங்களை வெளில உக்கார வைங்க. இது காவு வாங்குற தளம்."

"வெளில உக்கார வெச்சா வருகைப்பதிவு செல்லாதுங்க. கூரைக்குக் கீழ இருந்தாத்தான் கணக்கு."

"அப்ப எம்பொண்ணை நான் கூட்டிட்டுப் போறேன்."

"இந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கறதே முப்பது பேரு. ஒண்ணு குறைஞ்சாலும் பள்ளியையே மூடிடுவாங்க. அதுக்கும் விதி இருக்கு." தலைமையாசிரியை சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார். "மூடிட்டா மத்த இருபத்தொம்பது பிள்ளைங்களும் எங்க போகும் கொத்தனாரே? நெடுஞ்சாலையைத் தாண்டி நாலு மைல் போகணும். பாதிப் பேரை வீட்டுலயே நிறுத்திடுவாங்க. நான் இந்த ரூமுக்கும் மனு எழுதிட்டேன். அவசரம்னு சிவப்பு மையில எழுதியிருக்கேன்."

கொத்தனார் வேறு வழி தெரியாமல் ஒரு தடித்த கம்பைக் கொண்டுவந்தார். உச்சியில் பலகை வைத்து, தொய்ந்த காரைக்கு முட்டுக் கொடுத்து, அடியில் ஆப்பு அடித்து இறுக்கினார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அதற்குப் பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

மூன்றாம் நாள், பூட்டிய அறையின் வேலையைப் பார்வையிட வந்த பொறியாளர் எட்டிப் பார்த்துவிட்டார்.

"இது என்ன?"

"முட்டுங்க சார். நான் விரிசலைத் தொடலை. பூசலை. சும்மா தாங்கத்தான் குடுத்திருக்கேன்."

பொறியாளர் குனிந்து பார்த்தார். "ஆப்பு அடிச்சிருக்கீங்களே. ஆப்பு அடிச்சா அது கட்டடத்தோட சேர்ந்த அமைப்பு. அனுமதி இல்லாத அமைப்பு. உறுதிமொழி குடுத்திருக்கீங்க, மறந்துட்டீங்களா?"

"எடுத்தா விழுந்துடுங்க சார். உள்ள பிள்ளைங்க இருக்கு."

"நான் கம்பை எடுக்கச் சொல்லலியே. ஆப்பைத்தான் எடுக்கச் சொல்றேன். ஆப்பு இல்லாம கையால பிடிச்சுக்கிட்டா அது வெறும் கம்பு. ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்குள்ள கம்பு வெச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு எங்க விதியில இல்லை." எப்பேர்ப்பட்ட சலுகை தந்துவிட்டோம் என்ற பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

ஆப்பு போனது. கொத்தனார் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும்வரை நின்றார். மறுநாளும் நின்றார். பிள்ளைகள் போனபிறகு கம்பை மெல்ல இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுப் போவார், காலையில் வந்து நிமிர்த்துவார். அவருக்கு வேலை கொடுத்துவந்த மேஸ்திரி வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். மதியம் மனைவி சாப்பாட்டோடு வந்து, அவர் தின்று முடிக்கும்வரை தான் பிடித்துக்கொள்வாள். "கட்டின நாள்லேருந்து உங்களை ஒரு இடத்துல நிக்கவெக்க முடியலன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்" என்று முதல் நாள் சொன்னாள். அதன்பிறகு கேலி செய்வதை நிறுத்திவிட்டாள்.

பக்கத்து அறையில் வாரியத்து ஆட்கள் வேலை செய்யும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் ஆணியால் கீறிய விரிசலை எட்டுப் பேர் சேர்ந்து சரிசெய்துகொண்டிருந்தார்கள். நல்ல தளம், அதனால் கொத்த முடியாமல் திணறினார்கள். ஒருநாள் அதில் ஒருவன் இங்கே வந்து, "அண்ணே, இந்தத் தளத்தை எவன் பூசினான்னே தெரியல, உளி இறங்கமாட்டேங்குது" என்று குறைப்பட்டுக்கொண்டான். கொத்தனாருக்குப் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள், சிவப்பு மையில் எழுதிய மனுவைப் பார்த்துத் தலைவரே வந்துவிட்டார். கூடவே பொறியாளர், கோப்பு, தலைக்கவசங்கள். தலைமையாசிரியைக்கு முகமே மலர்ந்துபோயிற்று.

தலைவர் கம்பை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். கொத்தனாரையும் அதேபோல் பார்த்தார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இதைத்தான் நான் எல்லாக் கூட்டத்துலயும் சொல்றேன். எல்லாத்தையும் அரசாங்கமே பண்ணணும்னு எதிர்பார்க்கக் கூடாது. பெத்தவங்களும் ஒரு தோள் குடுக்கணும். பாருங்க, ஒரு சாதாரண மனுஷர், யாரும் கேக்காமலே வந்து, தன் பிள்ளை படிக்கிற ரூமைத் தானே தாங்கிட்டிருக்கார். இந்த மாதிரி பள்ளிக்கு நாலு அப்பா கிடைச்சா, வாரியத்துக்கு வேலையே இருக்காது."

பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். கொத்தனாரின் மகள்தான் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினாள்.

"ஐயா, இதை அவசரம்னு எழுதிடுங்கய்யா" என்றார் கொத்தனார். "இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு எனக்கே தெரியல."

பொறியாளர் கோப்பைப் புரட்டினார். "எழுதணும்னுதாங்க வந்தோம். ஆனா தற்காலிக ஏற்பாடு இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு. நீங்க இருக்கீங்களே. ஏற்பாடு இருந்தா அவசரம்னு போட முடியாது. 'பொறுக்கலாம்'னுதான் போடணும். அதுக்கு ஒரு ஆறு ஏழு வருஷம் ஆகும்."

"அப்ப நான் விட்டுட்டா?"

"விட்டா அவசரம்னு எழுதிடலாம். அதுல ஒரு சிக்கலும் இல்லை. விழுந்த ரெண்டே நாள்ல ஆள் வந்துடும்."

"அப்ப சாயங்காலம் பிள்ளைங்க போனப்புறம் விழுந்தா?"

"வகுப்பு இல்லாத நேரத்துல விழுந்தா யாரோ தட்டிவிட்டாங்கன்னுதான் எடுத்துக்குவோம். உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு விரிசல் வழக்கு இருக்கு. பள்ளியை லிஸ்ட்டுலேருந்து எடுக்க வேண்டி வரும். இருக்கற ரூமும் போயிடும். வகுப்பு நேரத்துல விழணுங்க. அதுதான் விபத்துன்னு விதியில தெளிவா இருக்கு." கொத்தனாரின் குழப்பத்தைப் பார்த்து அவருக்கு இரக்கமாகிவிட்டது. "நாங்க இப்ப இங்கேயே இருக்கறதால உடனே பதிவு பண்ணிக்கலாம். உங்களுக்கு அலைச்சல் மிச்சம்."

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேனா மூடியைத் திறந்து பொறியாளரிடம் கொடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய்க் கதவுநிலையில் நின்றுகொண்டார். தலைக்கவசத்தின் வாரை இறுக்கினார்.

"நாங்க அவசரப்படுத்தலை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

தலைமையாசிரியை சுவரில் கைவைத்துக்கொண்டு நின்றார். கொத்தனாருக்குத் தோள் எரிந்தது. கீழே பார்த்தார். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சின்னத் தலை, வகுத்தல் கணக்கின்மேல் கவிழ்ந்திருந்தது. அவருக்கு ஆத்திரம் வந்தது. இந்தக் கம்பால் அந்த மஞ்சள் தலைக்கவசத்தில் ஒரு போடு போடவேண்டும் என்று கை துடித்தது. அதற்குக் கம்பை எடுக்க வேண்டும்.

"பொறுக்கலாம்னே எழுதிக்கங்க சார்" என்றார்.

பொறியாளர் எழுதினார். தலைவர் வாசலைத் தாண்டியதும் தலைக்கவசத்தைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "மத்த ரூமுக்கும் அப்பாக்களைக் கேட்டுப் பாருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

தலைமையாசிரியை கரும்பலகைக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து கணக்கைச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

மகள் கணக்கை முடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, நான் பாஸாகி அஞ்சாங்கிளாஸ் போயிட்டா, அடுத்து இங்க வர்ற பிள்ளைங்களுக்கு யாருப்பா பிடிப்பாங்க?"

கொத்தனார் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "நீ மொதல்ல கணக்கைப் பாரு" என்றார்.